கஷ்டத்தில் கர்த்தர் எதைக் காட்டினார்? உங்கள் அனுபவம் ஒன்று சொல்லுங்கள்

நொய்யல்கரை:
2011 ஜனவரி கடைசி. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலக்கிறது என்று கோர்ட் உத்தரவு வந்து திருப்பூரில் சாயப்பட்டறைகளை மூடியது எல்லோருக்கும் தெரியும். நான் அங்கே வின்ச்சில், அதாவது துணிக்குச் சாயம் ஏற்றும் மிஷினில், நின்றவன். முதல் மாதம் கையிருப்பில் ஓடியது. அடுத்த மாதம் வீட்டுக்காரியின் தோடு அடகுக்குப் போனது. வேலை போயும் நகக்கண்ணில் இருந்த நீலம் மட்டும் போகவில்லை. "ஏன் ஆண்டவரே எனக்கு?" என்பதைத் தவிர என் ஜெபத்தில் வேறு வார்த்தை இல்லை.

அப்போதுதான் நொய்யல் தண்ணீர் தேங்கும் ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் மட்டை பொறுக்கும் கூலிக்குப் போனேன். மத்தியானம் தாகம். கிணற்றில் வாளியை விடப் போனபோது தோட்டத்துப் பெரியவர் ஓடி வந்தார். "குடிச்சுப்போடாதீங்க சாமி. வேணும்னா நாக்குல மட்டும் வெச்சுப் பாருங்க." வைத்துப் பார்த்தேன். உப்பும் கசப்பும். துப்பிவிட்டேன். வீட்டிலிருந்து தூக்குப்போசியில் கொண்டு வந்திருந்த தண்ணீரை எனக்கு ஊற்றினார். "முன்ன என்ன வேலைங்க?" என்று கேட்டார். "தறி ஓட்டினேன்" என்று பொய் சொன்னேன்.

என் கஷ்டத்துக்கு அர்த்தம் கேட்டு முழங்கால் போட்டவன், அன்று ராத்திரி அந்தப் பெரியவருக்காக முழங்கால் போட்டேன். அவர் கிணற்றில் என் பட்டறைத் தண்ணீரும் இருந்ததே. அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது.

ஈரோட்டு அம்மிணி:
அண்ணா, உங்களுக்கு அது சரி. ஆனால் எல்லாக் கஷ்டத்துக்கும் பின்னால் ஒரு தப்பு இருக்கும் என்று யாரும் படித்துவிடக் கூடாது. என் பையனுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. "அறிக்கையிடாத பாவம் ஏதாச்சும் இருக்கா பாருங்க" என்று சபையிலேயே ஒரு அக்கா சொன்னார். யோவான் 9-ல் பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டதும் இதைத்தானே? அவனும் பாவம் செய்யவில்லை, பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு அங்கேயே சொல்லிவிட்டார்.

போன ஈஸ்டர் ஆராதனையில் பையன் பெஞ்சில் உள்ளங்கையை ஊன்றி டிரம்ஸ் அதிர்வைப் பிடித்துக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்த அதே நொடியில் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் காது ஏன் கேட்கவில்லை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த நிமிஷம் கர்த்தர் எங்கள் பெஞ்சில்தான் இருந்தார்.

சோமனூர்த் தறி:
2020 லாக்டவுனில் என் எட்டுத் தறியும் நின்றன. போனில் வசனம் வந்தபடியே இருந்தது. ஒருத்தர் மட்டும் அரை மூட்டை அரிசியைத் திண்ணையில் வைத்துவிட்டு, கதவைக்கூடத் தட்டாமல் போய்விட்டார். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ராப்பகலாகத் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்லவர்கள்தான். காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது; கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்ததும் அவர்கள்மேல்தான். அதனால் செருப்பைக் கழற்றும்போதே "சகலமும் நன்மைக்கே" என்று ரோமர் 8:28 சொல்லாதீர்கள். அந்த வசனத்தை அந்த வீட்டுக்காரர் ஒருநாள் தானாகச் சொல்லட்டும். குழுக் கடன் தவணை என்றைக்கு, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியாச்சா என்று கேளுங்கள். அழுதால் விசுவாசம் குறைவு என்று சொல்லாதீர்கள். பவுலே தன் மாம்சத்தில் இருந்த முள்ளை, அந்த வேதனையை, எடுக்கச் சொல்லி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். அப்புறம், நொய்யல்கரை அண்ணா, அந்தப் பெரியவர் இருந்தால் போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

நொய்யல்கரை:
நேற்று ஆராதனை முடிந்து நேராகப் போனேனுங்க. தடி ஊன்றி நடக்கிறார். சாயப்பட்டறையில் இருந்தவன், அன்று பொய் சொன்னேன் என்றேன். "அன்னைக்கே தெரியுமுங்க கண்ணு, நகமெல்லாம் நீலமா இருந்துச்சே" என்றார். உள்ளே போய்ப் போசியில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.