காவிரியில் சுற்றுச்சூழலுக்கு ஒதுக்கிய 10 டிஎம்சி எங்கே போகிறது?

மாயவரத்தான்:
காவிரி நடுவர் மன்றம் 2007இல் ஆற்றின் 740 டிஎம்சியை (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) மாநிலங்களுக்குப் பங்கிட்டபோது சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4 என்று தனியாக வைத்தது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதைக் குறைக்கவில்லை. ஆனால் கோடையில் எங்கள் பக்கம் ஆற்றில் மணல்தான் தெரிகிறது. இந்தத் தண்ணீர் எப்போது வருகிறது, எதுவரை வருகிறது?

மேட்டூர் வாசி:
கர்நாடகம் விடும் தண்ணீரை எல்லையில் அளக்கும் இடமான பிலிகுண்டுலுவின் மாத அட்டவணையைப் பாருங்கள். பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டிஎம்சி, அதுதான் அந்த 10. கணக்குப் போட்டால் விநாடிக்குச் சுமார் 960 கன அடி வரும், அது மேட்டூரில் வந்து நிற்கிறது. பாசனத்துக்கு ஜனவரி 28இல் அணையை மூடினால் ஜூன் 12தான் திறப்பு என்பது வழக்கம், இடையில் குடிநீருக்கு விடுவதுதான் ஆற்றில் போகும். ஆக ஆற்றுக்கென்று எழுதிய தண்ணீர் எல்லையில் அளக்கப்படுகிறது, அணைக்குக் கீழே அதற்குத் தனிக் கணக்கே கிடையாது. எனக்கு இதுதான் பெரிய குறையாகத் தெரிகிறது.

குறுவை விவசாயி:
அண்ணா, ஜூன் 12இல் திறக்க அணையில் நீர்மட்டம் 90 அடியாவது வேண்டும். கோடையில் வருவதையும் ஆற்றில் விட்டுவிட்டால் குறுவைக்கு என்ன செய்வது? முறை வைத்துத் தண்ணீர் விடும் வருடங்களில் நாங்கள் படும் பாட்டையும் சேர்த்துப் பேசுங்கள்.

கொள்ளிடக்கரை:
தம்பி சொல்வது நியாயம்தான், ஆனால் கடைமடையில் நானும் விவசாயிதான். ஆற்றில் நன்னீர் ஓட்டம் நின்றால் கடல் தண்ணீர் கொள்ளிடத்தில் ஏறி வருகிறது, மணல் அள்ளிப் படுகை தாழ்ந்த இடங்களில் இன்னும் உள்ளே வருகிறது, அப்புறம் போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டால் அந்த வயலில் குறுவையும் இல்லை சம்பாவும் இல்லை. முட்டையிட ஆற்றில் ஏறும் உல்லம் மீனுக்கும் முகத்துவாரத்தில் ஓட்டம் வேண்டும். "வீணாகக் கடலில் கலக்கிறது" என்று தலைப்புப் போடுகிறவர்கள் ஒரு மே மாதம் இங்கே வந்து தண்ணீரைக் குடித்துப் பார்க்கட்டும்.

நீரியல் மாணவி:
கங்கையில் குறைந்தது எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும் என்று 2018 அக்டோபரில் மத்திய அரசு போட்ட ஆணையை ஒப்பிட்டுப் பாருங்கள். தேவப்பிரயாகை வழியாக ஹரித்வார் வரை, ஆற்றில் இயல்பாக வரும் நீரில் நவம்பர் முதல் மார்ச் வரை 20 சதவீதம், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 என்று பருவத்துக்கு ஏற்ப வைத்தார்கள். அதற்குக் கீழே பீம்கோடா, பிஜ்னோர், நரோரா, கான்பூர் என்று தடுப்பணை வாரியாக விநாடிக்கு இத்தனை கன மீட்டர் விட வேண்டும் என்றும் எழுதினார்கள். நடைமுறையில் குறைகள் உண்டு, இருந்தாலும் எந்த இடத்தில் எவ்வளவு என்று கேட்க ஒரு எண் இருக்கிறது. காவிரியில் 10 டிஎம்சி என்பது 740இல் ஒன்றரை சதவீதம்கூட இல்லை, வருடம் முழுக்கப் பரப்பினால் விநாடிக்கு 317 கன அடிதான். ஆறு உயிரோடு இருக்க எவ்வளவு தேவை என்று முக்கொம்பு, கல்லணை, கொள்ளிடத்தின் கீழணையான அணைக்கரை மூன்றிலும் மாதவாரியாகக் கணக்கிட வேண்டும்.

மாயவரத்தான்:
நன்றி. அப்படியானால் அணைக்கரைக்குக் கீழே பிப்ரவரி முதல் மே வரை எவ்வளவு விட்டார்கள் என்ற பதிவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கப் போகிறேன். சேர்ந்து மனு எழுத யாராவது வருகிறீர்களா?

கொள்ளிடக்கரை:
நான் வருகிறேன். அதே மாதங்களுக்கான நிலத்தடி நீர் உப்பு அளவையும் சேர்த்துக் கேளுங்கள்.