புதுப்பிப்பு: 25 குதிரைத்திறனுக்கு எந்த ஸ்னோ ப்ளோவர்?

கனடாவின் ஒன்டாரியோவில் சரளைப் பாதை, பிடிஓ-வில் (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) 25 குதிரைத்திறன் தரும் டிராக்டர். பனியை வாரி வீசும் ஸ்னோ ப்ளோவர் 60 அங்குல அகலமா 72 அங்குலமா என்று கேட்டிருந்தேன். முடிவு 60, பின்புறம் மாட்டுவது. பின் டயர்களின் வெளி அகலம் 55 அங்குலம்தான், அதை மூடினால் போதும். 72 எடுத்தால் ஈரப்பனியில் எஞ்சின் திணறும், சுற்று குறைந்ததும் பனியை வெளியே வீசும் குழாய் அடைத்துக்கொள்ளும். பிடிஓ நிமிடத்துக்கு 540 சுற்றிலேயே ஓடட்டும், வண்டி மட்டும் ஊரட்டும். பின்புறம் மாட்டுவதால் ரிவர்ஸில், கழுத்தைத் திருப்பியே ஓட்ட வேண்டும், அது உண்மையான கஷ்டம்.

சரளையில் வெட்டு விளிம்பு தரைக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கும்படி சறுக்குக்கால்களை (ப்ளோவரைத் தாங்கித் தரையில் வழுக்கும் பக்கக் கால்கள்) இறக்குங்கள். இல்லாவிட்டால் கல் பறக்கும். ஷியர் போல்ட்டை (சுமை மிஞ்சினால் தான் உடைந்து கருவியைக் காக்கும் போல்ட்) கையேடு சொல்லும் தரத்திலேயே மாற்றுங்கள். கடினமானதைப் போட்டால் உடைவது கியர்பாக்ஸ்.

அடைப்பெடுக்க பிடிஓ-வையும் எஞ்சினையும் நிறுத்திவிட்டுக் கட்டையால் குத்துங்கள். கை வேண்டவே வேண்டாம்!