லோரி ஏத்தத்துல இழுக்கல, போர்மன் (மெக்கானிக்) டர்போ மாத்தச் சொல்றாரு, மாத்தலாமா?

குலைலோரி_சுங்கைசிப்புட்:
வணக்கம் அண்ணன்மாரே. நம்மளது செம்பனை குலை ஏத்துற லோரி, 6 சிலிண்டர், காமன் ரெயில் (கம்ப்யூட்டர் டீசல் அளந்து விடுற இன்ஜின்), டர்போ, அது அடிக்கிற காத்தை ஆத்துற இன்டர்கூலர், ரீகான் (பழசைப் புதுப்பிச்ச) வண்டி. கொஞ்ச நாளாவே பவர் கம்மி, ஆனா தோட்டத்துலேர்ந்து மில்லு வரைக்கும் பெரிய ஏத்தம் இல்லாததால ஓட்டிக்கிட்டே இருந்தேன். போன வாரம் ஈப்போ பக்கம் லோடு கெடச்சிச்சி, மெனோரா டனலுக்கு ஏறும்போது கியர் கொறச்சி கொறச்சி ஊர்ந்துதான் போனேன், பின்னால வந்த பஸ்காரன் ஹாரன்லயே திட்டிட்டான். கறுப்புப் புகை லேசாதான் வருது. டர்போ விசிலோட சேந்து ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம், அதுவும் ஏத்தத்துல மட்டும், நிப்பாட்டி வச்சி முறுக்குனா ஒண்ணும் கேக்கல. டவுன் போர்மன் ஸ்கேனர் போட்டாரு, பூஸ்ட் (டர்போ ஏத்துற காத்தழுத்தம்) 150ன்னு காட்டுச்சு. டர்போ அடிவாங்கிருச்சி, ஆப்கட் (பழைய வண்டி சாமான்) கடையில 2,800 வெள்ளி (ரிங்கிட்), கூலி தனின்னு சொல்றாரு. 2024 ஜூன்ல டீசல் லிட்டர் 3.35 வெள்ளி ஆனதுலேர்ந்தே கையைக் கடிக்குது, இதுல டர்போவையும் மாத்திட்டு அப்பவும் இழுக்கலன்னா என்னா பண்றது?

ஒத்தக்கை_ஸ்டீரிங்:
ஏர் ஃபில்டரைக் கழட்டிப் பாத்தியா மச்சான் மொதல்ல? தோட்டத்து செம்மண் தூசியில அது செங்கல்லா ஆயிருக்கும் லா. அப்புறம் கம்ப்ரசர் காத்தை முழு வேகத்துல அடிச்சி சுத்தம் பண்ற பழக்கம் இருந்தா விட்டுடு, பேப்பர் கிழிஞ்சி தூசி நேரா டர்போ பிளேடுக்குத்தான் போகும்.

பழைய_போர்மன்_தைப்பிங்:
தம்பி, அந்த 150 எதுலேர்ந்து எண்ணுன 150ன்னு கேட்டியா? ஸ்கேனர்ல வர்றது பெரும்பாலும் கிலோபாஸ்கல், அதுவும் வெளிக்காத்தோட அழுத்தத்தையும் சேத்து எண்ணுனது. சாவி போட்டு இன்ஜின் ஸ்டார்ட் பண்ணாம பாரு, நம்ம ஊரு தாழ்வான இடம், 100 கிட்ட காட்டணும். அப்படி காட்டுனா உன் 150ல 100 சும்மா இருக்கிற காத்து, டர்போ குடுத்தது வெறும் 50, அதாவது 7 பிஎஸ்ஐ சொச்சம். இன்டர்கூலர் வச்ச லோரி இன்ஜின் முழு லோடுல இழுக்கும்போது வெளிக்காத்துக்கு மேல 1 பார்லேர்ந்து 2 பார் வரைக்கும், அதாவது 100லேர்ந்து 200 கிலோபாஸ்கல் ஏத்தும், உன் இன்ஜினுக்கு சரியா எவ்ளோன்னு மானுவல்ல இருக்கும். சாவி போட்டதுமே 100ஐ விட்டு எங்கயோ நின்னா சென்சாரையும் அதோட வயரையும் பாரு.

இன்னொண்ணு, அந்த ரீடிங் நிப்பாட்டி வச்சி முறுக்கி எடுத்ததுன்னா தூக்கிப் போடு. லோடு இல்லாம டீசல் ஏறாது, டீசல் எரியாம சைலன்சர் பக்கம் சூடும் வேகமும் வராது, அது வராம டர்போ எப்படி சுத்தும்? ஏத்தத்துல ஒருத்தரைப் பக்கத்துல ஒக்கார வச்சி ஸ்கேனரைப் பாக்கச் சொல்லு, நீ ரோட்டைப் பாரு.

நீ சொல்ற ஸ்ஸ்ஸ் சத்தத்துக்கு எனக்கு டர்போ மேல சந்தேகம் வரல, டர்போவுக்கும் இன்ஜினுக்குக் காத்து போற மேனிஃபோல்டுக்கும் நடுவுல காத்து எங்கயோ ஓடுது. புகை கம்மியா இருக்கிறதப் பாத்து ஏமாறாத. பழைய பம்ப் இன்ஜின்னா இந்நேரம் கறுப்பா கக்கியிருக்கும், காமன் ரெயில்ல பூஸ்ட் இல்லன்னு சென்சார் சொன்ன உடனே கம்ப்யூட்டரே டீசலைக் கொறச்சிடும், அதான் புகையும் இல்ல பவரும் இல்ல. ரப்பர் ஓஸு எல்லாத்தையும் அடிப்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாரு, ஆயில்ல ஊறி மெதுவடைஞ்சி இருக்கும், சும்மா நிக்கும்போது வெடிப்பு மூடிக்கிட்டு இருக்கும், அழுத்தம் ஏறுனாதான் வாயைத் தொறக்கும். அப்புறம் இன்டர்கூலரை ரெண்டு பக்கமும் அடைச்சி ரெகுலேட்டர் வச்சி 30 பிஎஸ்ஐ ஏத்தி வால்வை மூடிட்டு கேஜைப் பாரு, 15 செகண்டுல 5 பிஎஸ்ஐக்கு மேல இறங்கக் கூடாதுன்னு பல இன்ஜின் மானுவல்ல போட்டிருப்பான். சைக்கிள் டியூப்புக்குப் பஞ்சர் பாக்குற மாதிரி சோப்புத்தண்ணி ஊத்துனா எங்க போகுதுன்னு காட்டிக் குடுத்துடும். அடைப்பை சங்கிலி போட்டுக் கட்டு, நேருக்கு நேர் நிக்காத, அது பிச்சிக்கிட்டு வந்தா பல்லு போயிரும், வெளையாட்டுக்குச் சொல்லல.

டர்போவைக் கழட்டாமலே பாக்கலாம். இன்ஜின் ஆறுனப்புறம் இன்லெட் பைப்பை எடுத்துட்டு ஷாஃப்டை ஆட்டு. பக்கவாட்டுல லேசா ஆடுறது சகஜம், பிளேடு சுத்தியிருக்கிற கூட்டுல உரசுனாலோ முன்னபின்ன நல்லா தெரியுற மாதிரி ஆடுனாலோதான் அது கேசு. பைப்புக்குள்ள எண்ணெய் ஈரம் இருக்குன்னு யாராச்சும் பயம் காட்டுனா நம்பாத, பிரீதர்லேர்ந்து (இன்ஜின் ஆவி வெளிய வர்ற குழாய்) கொஞ்சம் வரத்தான் செய்யும். தேங்கி வழிஞ்சா பேச்சு வேற.

பாகாவ்_டிரைவர்:
போர்மன் அண்ணன் சொல்றது சரி, ஆனா காத்து லீக் மட்டும்தான்னு முடிவு கட்டிடாதீங்க. எங்க தோட்டத்துல ஒரு லோரிக்கு எக்சாஸ்ட் பிரேக் பட்டர்ஃபிளை (புகைக் குழாயை மூடுற தகடு) சேறும் துருவும் புடிச்சி பாதி மூடுன மாதிரியே நின்னுக்கிச்சி. டர்போ, இன்டர்கூலர், ஓஸு எல்லாம் பாத்துட்டு கடைசியில ஒரு கெழவர் கீழ படுத்து லிங்கை சுத்தியால தட்டுனாரு, அவ்ளோதான், வண்டி பறந்துச்சி. பின்னால அடைப்பு இருந்தா டர்பைனுக்கு மூச்சு விட வழி இல்ல, பூஸ்ட் எப்படி வரும். டீசல் ஃபில்டரும் மாத்திப் பாருங்க. 2019லேர்ந்து பி10 டீசல் (10 சதவீதம் செம்பனை பயோடீசல் கலந்தது), பழைய டாங்கில தங்கியிருந்த அழுக்கெல்லாம் அது கரைச்சிக் கொண்டாந்து ஃபில்டர்ல சேக்குது.

பழைய_போர்மன்_தைப்பிங்:
ஆமாமா, டீசல் பத்தலன்னாலும் பூஸ்ட் இறங்கும், அப்ப பூஸ்ட் இல்லாதது நோய் இல்ல, நோயோட அடையாளம். ஸ்கேனர்ல ரெயில் பிரஷரும் (டீசல் அழுத்தம்) கம்ப்யூட்டர் கேட்டதும் நெசமா வந்ததும் ஒட்டி வருதான்னு சேத்துப் பாத்துடு. ஈஜிஆர் வால்வு (புகையில கொஞ்சத்தைத் திருப்பி இன்ஜினுக்கு விடுறது) தொறந்தபடி நின்னாலும் இதே கதைதான். எக்சாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட்டு ஓரத்துல கரி கோடு போட்டிருக்கான்னு ஒரு டார்ச் அடிச்சிப் பாரு, அங்க ஓடுனா டர்போவுக்கு வர்ற சக்தியே பாதி வழியில போயிரும். ஆனா உனக்கு ஸ்ஸ்ஸ் கேக்குது, அதனால இன்டர்கூலர்லேர்ந்தே ஆரம்பி.

குலைலோரி_சுங்கைசிப்புட்:
அண்ணே பாத்துட்டேன். சாவி போட்டா 101. ஏத்தத்துல 160ஐத் தாண்டல. டர்போ ஷாஃப்ட் உரசல, ஃபில்டர் அழுக்குதான், மாத்துனேன், பெருசா ஒண்ணும் வித்தியாசம் இல்ல. இன்டர்கூலரை அடைச்சி காத்து ஏத்துனா கேஜ் நிக்கவே மாட்டேங்குது, சோப்புத்தண்ணியில இன்டர்கூலரோட டிரைவர் பக்கத்து ஓர டாங்கு கீழ்மூலை வெல்டிங்ல பொங்கிக்கிட்டு வருது. டர்போ வாங்க அட்வான்ஸ் குடுக்கல, நல்ல வேளை. இதை வெல்டிங் வைக்கலாமா, இல்ல ஆப்கட்ல வேற இன்டர்கூலர் தேடவா?

பழைய_போர்மன்_தைப்பிங்:
டாங்கு வெல்டிங்தானே, அலுமினியம் டிக் வெல்டிங் தெரிஞ்ச ஆளா இருந்தா வை. நடுவுல இருக்கிற டியூப்பு ஓட்டையா இருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன், ஒண்ணை அடைச்சா இன்னொண்ணு விடும். உள்ள இருக்கிற எண்ணெயை மொத்தமா கழுவி காய வச்சிட்டுதான் குடுக்கணும், இல்லன்னா வெல்டிங்ல குமிழி குமிழியா வந்து மறுபடி வெடிக்கும். திருப்பி மாட்டுறதுக்கு முன்ன 30 பிஎஸ்ஐ ஏத்தி இன்னொரு தடவை பாத்துடு. தாங்குற ரப்பர் புஷ் செத்துப் போயி இன்டர்கூலர் ஆடிக்கிட்டு இருக்கான்னும் பாரு, அந்த மூலை சும்மா வெடிக்காது. ஓஸு மாட்டும்போது ரெண்டு பக்கமும் பிரேக் கிளீனர் போட்டுத் தொடச்சிட்டு மாட்டு, எண்ணெய் இருந்தா கிளாம்ப் எவ்ளோ முறுக்குனாலும் வழுக்கிக்கிட்டு வந்துரும். சாதா ஸ்க்ரூ கிளாம்ப் போடாத, டி-போல்ட் கிளாம்ப் வாங்கு, விலை கொஞ்சம்தான் கூட.

ஒத்தக்கை_ஸ்டீரிங்:
மாத்துன ஃபில்டர் என்னா விலை மச்சான்? நானும் வாங்கணும், நம்ம வண்டியும் இப்ப கொஞ்சம் இழுக்க மாட்டேங்குது.