மிட்நைட் யெல்லுக்கு அப்பாவை அழைத்துப் போகலாமா?

வணக்கம் நண்பர்களே, அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள், அது இருக்கும் காலேஜ் ஸ்டேஷன் ஊரில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

அடுத்த மாதம் அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து வருகிறார்கள். அவர்கள் இருக்கும் வாரத்திலேயே இங்கே ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் இருக்கிறது. ஆட்டத்தை விட, முந்தின நாள் நள்ளிரவில் கைல் ஃபீல்டு ஸ்டேடியத்தில் நடக்கும் மிட்நைட் யெல்லை, அதாவது அணிக்காக எல்லோரும் சேர்ந்து கோஷம் போடும் பயிற்சியைத்தான் அவர்களுக்குக் காட்ட ஆசை. மாணவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஐந்து யெல் லீடர்கள் (கோஷத்தை நடத்துபவர்கள்) கையால் சைகை காட்ட, அத்தனை பேரும் முழங்காலில் கை வைத்துக் குனிந்து ஒரே குரலில் கத்துவதை முதல்முறை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. 1922இல் ஒரு ஆட்டத்தில் எங்கள் அணி ஆட்டக்காரர்கள் பலர் அடிபட்டதும், மேலே உட்கார்ந்திருந்த கிங் கில் என்ற மாணவரைக் கோச் அழைக்க, அவர் சீருடை மாட்டிக்கொண்டு கடைசிவரை தயாராக நின்றாராம், களத்தில் இறங்கத் தேவையே வரவில்லை. அதனால்தான் இன்றும் மாணவர்கள் ஆட்டம் முழுக்க நிற்கிறார்கள். இந்தக் கதையை ஃபோனில் சொன்னதும் அப்பா "நானும் நிற்கிறேன்" என்கிறார், ஆனால் அவருக்கு முட்டிவலி.

யெல் அன்று படி அதிகம் ஏறாமல் உட்கார எந்தப் பக்கம் நல்லது? விளக்கை அணைப்பார்களே, அது எவ்வளவு நேரம்? அப்புறம், ஆட்டத்தன்று பெரியவர்கள் உட்கார்ந்தே பார்க்க எந்தப் பகுதியில் டிக்கெட் எடுக்கலாம்? பெற்றோரை அழைத்துப் போனவர்கள் சொல்லுங்கள்.