புதுப்பிப்பு: அசெம்பிளி நிரலில் எம்மேப் -22 தந்த சிக்கல் தீர்ந்தது

யோசனை சொன்னவர்களுக்கு நன்றி, முக்கியமாக தேவகோட்டை அண்ணனுக்கு. 64 பிட் லினக்ஸில் 9ஆம் எண் சிஸ்கால் (கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு), அதாவது மெமரி கேட்கும் எம்மேப், மெமரி தராமல் ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள் மதிப்பு வைக்கும் சிறு இடம்) -22 என்ற பிழை எண்ணை வைத்துவிட்டுத் திரும்புகிறதே என்று கேட்டிருந்தேன். அண்ணன் சொன்னதுதான் சரி: எம்மேப்புக்குத் தரும் நான்காவது மதிப்பான ஃபிளாக் 34 (எந்த வகை மெமரி வேண்டும் என்று சொல்லும் எண்), சி ஃபங்ஷன்களுக்குப் போவதுபோல ஆர்சிஎக்ஸில் போகக் கூடாது, ஆர்10-இல் போக வேண்டும். மாற்றியதும் முகவரி வந்துவிட்டது. பிஆர்கே (மெமரி கேட்கும் இன்னொரு சிஸ்கால்) பக்கம் போகவே தேவைப்படவில்லை.

எதிர்பாராதது என்னவென்றால், சிஸ்கால் கட்டளை திரும்பி வரவேண்டிய முகவரியை ஆர்சிஎக்ஸில்தான் போட்டுக்கொள்கிறது, ஆர்11-இல் இருந்ததும் அழிந்துவிடும். ஆர்சிஎக்ஸில் நான் வைத்திருந்த லூப் எண்ணிக்கை காலி! அதை ஆர்பிஎக்ஸுக்கு மாற்றிவிட்டேன். அப்புறம், 100 பைட் கேட்டாலும் 4096 பைட் கொண்ட ஒரு மெமரி பக்கம் (பேஜ்) முழுசாகக் கிடைக்கிறது, அறை கேட்டவருக்கு வளவையே திறந்துவிட்ட மாதிரி. ஆர்ஏஎக்ஸில் வந்தது பிழையா என்று பார்க்க பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் போதாது. -4095 முதல் -1 வரை வந்தால் பிழை.