வெள்ளை வேட்டி சாம்பலான கதை

ரங்கூனில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். போட்டோகாரர் எதற்கு, இவன்தான் கேமரா வாங்கியிருக்கிறானே என்று சித்தி சொல்ல, நானும் தலையாட்டிவிட்டேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய கேமரா, கூடவே வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ். வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்தான் ஐஎஸ்ஓ; அதை ஏற்றினால் படம் புள்ளிப்புள்ளியாகிவிடும் என்று எவனோ சொன்னதை வேதவாக்காக நம்பி 100-இலேயே பூட்டி வைத்திருந்தேன். பி (P) மோட், மீதியைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான் என் ஞானம்.

முகூர்த்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ரங்கூனில் இதெல்லாம் செய்தியே இல்லை, ஜெனரேட்டரைப் போட்டார்கள், பாதி ட்யூப் லைட்தான் எரிந்தது. கெட்டிமேளம் கொட்ட, நான் 55 வரை ஜூம் இழுத்து அமுக்கிக்கொண்டே இருந்தேன். 'கிளிக்' என்று வெட்டாமல் 'க்ளீ...இக்' என்று இழுத்தது, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டரில் பார்த்தால் தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளைக்கு ஆறு கை. சரி, வெளியே பந்தலில் வெயிலில் எடுத்ததாவது தேறுமா என்றால், வெள்ளைத் துணிக்கு முன்னால் வெள்ளை வேட்டி, எல்லாமே அழுக்குச் சாம்பல். "புதுசா எடுத்துக் கொடுத்த வேட்டி, துவைக்காததக் கட்டின மாதிரி இருக்கே" என்றார் சித்தி.

பெரியப்பா ஃபிலிம் காலத்தில் ஸ்டுடியோவில் இருந்தவர். மொய்ங்கா என்கிற பர்மிய மீன் குழம்பு நூடுல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டே படங்களைத் தள்ளிப் பார்த்தார். "தம்பி, கேமராவுக்கு வேட்டின்னும் தெரியாது மாப்பிள்ளைன்னும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும்." விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதம் திரும்பி வருகிற ஒரு பொருளாகத்தான் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எல்லாவற்றையும் கணக்குப் போடுகிறது. வெள்ளை நிறைய இருந்தால் 'ஐயோ, அதிக வெளிச்சம்' என்று குறைத்துவிடும். அதற்குத்தான் பிளஸ்-மைனஸ் பட்டன். வெள்ளைக்கு பிளஸ் 1. கேட்கத் தலைகீழாக இருக்கிறது, இல்லையா?

அன்று இரவே ஷ்வேடகோன் புத்த கோபுரத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார். அங்கே கதை நேர்மாறு. சுற்றிலும் கறுப்பு வானம், நடுவில் கிட்டத்தட்ட 100 மீட்டர் உயரத்துக்குத் தங்கம். இருட்டைப் பார்த்து மீட்டர் வெளிச்சத்தை ஏற்ற, கோபுரம் மஞ்சள் மெழுகாக உருகி நின்றது. மைனஸ் 1 வைத்தேன், மணி வடிவத்துக்கு மேலே இருக்கும் வளைய வரிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இருட்டாகப் போனதை ஓரளவு பின்னால் தூக்கிவிடலாம், டிஜிட்டலில் வெளுத்துப்போனது போனதுதான் என்றார்.

ஆறு கைக்குக் காரணத்தையும் அங்கேயே, செருப்பில்லாமல் சலவைக்கல்லில் உட்கார்ந்து சொன்னார். அந்த லென்ஸ் 18-இல் எஃப் 3.5 வரை திறக்கும், 55-க்கு இழுத்தால் 5.6-தான், வெளிச்சம் ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். எஃப் எண் சிறிதானால் லென்ஸில் வெளிச்சம் நுழையும் ஓட்டை பெரிது, இது எல்லோருக்கும் குழப்பம். லென்ஸின் மி.மீ.யை அந்த எண்ணால் வகுத்தால் ஓட்டையின் அகலம் வரும்: 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் 25 மி.மீ., எஃப் 10 என்றால் 5. வெளிச்சம் போதாமல் என் கேமராவின் ஷட்டர் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் திறந்தே இருந்திருக்கிறது. என் கேமராவில் 55-க்குக் கை ஆடாமல் இருக்கவே எண்பதில் ஒரு பங்குக்குள் மூடிவிட வேண்டுமாம். ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றியிருந்தால் பதினாறு மடங்கு வேகம், அதாவது நூற்று அறுபதில் ஒரு பங்கு கிடைத்திருக்கும். "புள்ளி இருந்தாப் பரவாயில்லடா, ஆடின படத்த யாரு பார்ப்பா?"

அப்புறம் 50 மி.மீ. எஃப் 1.8 ஒன்று வாங்கினேன். 5.6-ஐவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம். அதிலும் ஒரு வம்பு: முழுசாகத் திறந்து கிட்டத்தில் எடுத்தால் நெற்றிச்சுட்டி கூர்மையாக இருக்கிறது, ஜிமிக்கி பஞ்சு மாதிரி கரைந்துவிடுகிறது. ஆளை எடுக்கும்போது இப்போது 2.8-இல் வைத்துக்கொள்கிறேன்.

வேட்டியைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வெளுத்துக் கொடுத்ததில் சித்தி சமாதானமாகிவிட்டார். தாலி கட்டும் படம் மட்டும் ஆல்பத்தில் இல்லை. அந்தப் பக்கத்தில் சித்தப்பா பந்திப் படம் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறார்.