பரப்பளவு கேட்டால் சுற்றளவு எழுதுகிறார்கள்: 6, 7ஆம் வகுப்பில் எங்கிருந்து தொடங்குவது?

கணக்குப்பலகை:

வணக்கம். 6, 7ஆம் வகுப்புகளுக்குச் சுற்றளவும் பரப்பளவும் நடத்த வேண்டும். செவ்வகத்தின் நீளம், அகலம் கொடுத்துக் கேட்டால் பெரும்பாலானோர் சரியாகவே போடுகிறார்கள். கேள்வி கொஞ்சம் மாறினால் தடுமாற்றம்தான். கட்டத்தாளில் வரைந்த உருவத்துக்குச் சுற்றளவு கேட்டால் ஓரக் கட்டங்களை எண்ணுகிறார்கள். இணைகரத்தில் சாய்ந்த பக்கத்தைப் பெருக்குகிறார்கள். 'ட' வடிவம் வந்துவிட்டால் கண்ணில் படுகிற எண்களையெல்லாம் பெருக்கிவிடுகிறார்கள். இது போக, சுற்றளவு ஒன்றாக இருந்தால் பரப்பளவும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று உறுதியாக நம்புகிறார்கள். சூத்திரத்தைப் பத்து முறை எழுத வைப்பதால் எதுவும் மாறவில்லை. எந்த வரிசையில் நடத்தலாம்? கட்டத்தாள், அட்டை, கத்தரிக்கோல், நூல் கைவசம் உண்டு.

ஓரக்கோடு:

ஓரக் கட்டங்களை எண்ணும் பிழையை முதலில் எடுங்கள். கோட்டின் நீளத்தை அளக்கிறோமா, இடத்தை அளக்கிறோமா என்பது பிடிபடாததால் வருவது அது. 6 × 4 செவ்வகத்தில் ஓரத்தை ஒட்டி 16 கட்டங்கள் இருக்கும், சுற்றளவோ 20. மூலைக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் வெளிப்பக்கம் இரண்டு விளிம்புகள் உண்டு, ஆனால் கட்டமாக எண்ணும்போது அது ஒன்றுதான். நான்கு மூலைக்கு நான்கு குறைகிறது. இதை நீங்களே சொல்லிவிட வேண்டாம். விளிம்பின் மேல் வண்ணப் பென்சிலை ஓட்டி, அலகுக்கு ஒரு குறி போடச் சொல்லுங்கள். 20 கிடைத்ததும், 16 எப்படி வந்தது என்று அவர்களே தேடட்டும்.

புள்ளித்தாளில் இதே பிழை வேறு வேடத்தில் வரும். இடைவெளிகளை விட்டுவிட்டுப் புள்ளிகளை எண்ணுவார்கள். 5 புள்ளிகள் கொண்ட பக்கம் 4 அலகுதான். குறுக்காகப் போகும் கோட்டையும் 1 அலகு என்பார்கள். கட்டத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 1.4 அலகு என்பது அளவுகோலை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்து கத்தரிக்கோல். 6 × 4 செவ்வகத்தை வெட்டி எடுங்கள்: பரப்பளவு 24, சுற்றளவு 20. மூலையில் ஒரு கட்டத்தை நீக்கினால் பரப்பளவு 23, சுற்றளவு என்ன? வெட்டும் முன்பே ஊகத்தை நோட்டில் எழுத வையுங்கள். குறையும் என்றுதான் பலரும் எழுதுவார்கள். போனது இரண்டு விளிம்பு, புதிதாக வந்ததும் இரண்டு, எனவே அதே 20. இன்னொரு 6 × 4 எடுத்து, மூலையைத் தொடாமல் நீண்ட பக்கத்தின் நடுவில் ஒரு கட்டத்தை வெட்டுங்கள். ஒரு விளிம்பு போய் மூன்று வருகிறது: பரப்பளவு 23, சுற்றளவு 22. இடம் குறைந்தும் சுற்று கூடியிருக்கிறது. உங்கள் மாணவர்களின் நம்பிக்கை ஆட்டம் காணும் இடம் இதுதான். அவசரப்படாமல் ஒரு முழுப் பாடவேளையை இதற்கே கொடுங்கள்.

அதன் பிறகு அட்டவணை போடலாம். சுற்றளவு 20 உள்ள செவ்வகங்கள்: 1 × 9, 2 × 8, 3 × 7, 4 × 6, 5 × 5. பரப்பளவுகள் 9, 16, 21, 24, 25. திருப்பிப் போட்டு, 24 சதுரங்களால் ஆன செவ்வகங்கள்: 1 × 24, 2 × 12, 3 × 8, 4 × 6. சுற்றளவுகள் 50, 28, 22, 20. சூத்திரத்தை இதுவரை கரும்பலகையில் எழுதியிருக்கக் கூடாது. வரிசைக்கு 6, நான்கு வரிசை என்று அவர்களே பெருக்கத் தொடங்கியிருப்பார்கள்.

சாய்வுக்கோடு:

இணைகரத்துக்கு என் வழி இது. 8 செ.மீ. பட்டை இரண்டு, 5 செ.மீ. பட்டை இரண்டு வெட்டி, நான்கு மூலையும் அசையும்படி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். இந்த அளவு முனையிலிருந்து முனைக்கு அல்ல, துளையிலிருந்து துளைக்கு. இல்லையென்றால் கணக்கு ஒத்துவராது. நேராக நிறுத்தினால் செவ்வகம், பரப்பளவு 40. கட்டத்தாள் மேல் வைத்து, உயரம் 4 செ.மீ. ஆகும்வரை சாயுங்கள்: பரப்பளவு 32. இன்னும் சாய்த்து 3 ஆக்கினால் 24. முழுக்கப் படுத்துவிட்டால் உள்ளே இடமே இல்லை. பக்கங்கள் மாறவில்லை, சுற்றளவு எப்போதும் 26. சாய்ந்த பக்கத்தைப் பெருக்கக் கூடாது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. 8 × 5 ஒவ்வொரு நிலைக்கும் ஒரே விடையைத் தருகிறதே என்று அவர்களே கேட்பார்கள்.

பிறகு அட்டையில் வெட்டிய இணைகரத்தில் செங்குத்தாகக் கோடு போட்டு, முக்கோணத் துண்டை மறுபக்கம் நகர்த்தினால் செவ்வகம் வந்துவிடும். கோடு மூலைமட்டம் வைத்துப் போட்டதாக இருக்க வேண்டும். கண் மதிப்பில் வெட்டினால் துண்டுகள் சேராது.

முக்கோணத்தில் 'அரை' எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரே மாதிரி இரண்டு முக்கோணங்களைச் சேர்த்து இணைகரமாக்கினால் போதும். சரிவகத்துக்கும் அதே உத்திதான். ஆனால் எல்லா முக்கோணத்தையும் அடிப்பக்கம் கீழே இருக்கும்படியே வரையாதீர்கள். திருப்பி வரையுங்கள், உயரம் உருவத்துக்கு வெளியே விழும் விரிகோண முக்கோணத்தையும் கொடுங்கள். 6, 8, 10 செ.மீ. செங்கோண முக்கோணம் நல்ல சோதனை: 6 × 8 இல் பாதி 24. 10 செ.மீ. பக்கத்தை அடிப்பக்கமாக்கினால் உயரம் 4.8, அளந்து பார்த்தாலும் 24 தான் வரும். உயரம் என்பது நாம் தேர்ந்தெடுக்கும் அடிப்பக்கத்தைப் பொறுத்தது என்பது அப்போது பதியும்.

துண்டுக்கட்டம்:

மேலே சொன்னவற்றோடு ஒத்துப்போகிறேன். ஒன்றில் மட்டும் மாற்றுக் கருத்து: அட்டவணைக்கு 4 × 4, 3 × 6 ஆகிய இரண்டும் தொடக்கத்தில் வேண்டாம். முதலாவதில் சுற்றளவும் 16, பரப்பளவும் 16; இரண்டாவதில் இரண்டும் 18. முழு எண் பக்கங்களில் இப்படி அமைவது இந்த இரண்டு மட்டுமே. தவறான வழியில் போனவருக்கும் சரியான விடை கிடைத்துவிடுவதால் பிழை நம் கண்ணுக்குத் தெரியாது. வட்டத்தில் ஆரம் 2 கொடுத்தாலும் அப்படித்தான். கடைசியில், "16 செ.மீ.யும் 16 சதுர செ.மீ.யும் ஒன்றா?" என்று கேட்க இவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

'ட' வடிவத்துக்கு வருவோம். 10 × 8 செவ்வகத்தின் மேல் வலது மூலையில் 4 அகலம், 3 உயரத்துக்கு வெட்டுங்கள். 10 × 5, 6 × 3 எனப் பிரித்துக் கூட்டினாலும் 68, முழுதிலிருந்து கழித்தாலும் (80 − 12) 68. இரண்டு வழியிலும் செய்ய வையுங்கள், தன் விடையைத் தானே சரிபார்க்கும் பழக்கம் வரும். சுற்றளவில்தான் சிக்கல். பிரித்த துண்டுகளின் சுற்றளவைக் கூட்டி 30 + 18 = 48 என்பார்கள். சரியான விடை 36. கூடுதலான 12, உள்ளே இருக்கும் 6 செ.மீ. வெட்டுக்கோடு இரண்டு முறை எண்ணப்பட்டதால் வந்தது. அந்தக் கோட்டைப் புள்ளிக்கோடாக மட்டும் வரையச் சொல்லுங்கள். சுற்றளவுக்கு ஒரு மூலையில் புள்ளி வைத்து, அங்கே திரும்பி வரும்வரை பக்கங்களை வரிசையாக எழுத வையுங்கள். படத்தில் நான்கு பக்க அளவுகளைக் கொடுத்து, மற்ற இரண்டைக் கண்டுபிடிக்க விடுவது இன்னும் நல்லது.

இன்னொன்று. வேலி என்றால் சுற்றளவு, தரை என்றால் பரப்பளவு என்று சொல்லைப் பிடிக்கும் வித்தையைக் கற்றுக்கொடுக்க வேண்டாம். 5 மீ × 4 மீ அறை, 1 மீ அகல வாசல். சுவரடியில் பட்டை ஒட்ட எத்தனை மீட்டர், தரைக்கு 50 செ.மீ. சதுர ஓடு எத்தனை என்று கேளுங்கள். பட்டை 18 − 1 = 17 மீ. ஓடு 10 × 8 = 80. சொல்லைப் பிடித்தவர்கள் வாசலை மறப்பார்கள். ஓட்டுக்கு 20 ஐ 0.5 ஆல் வகுத்து 40 என்பார்கள்.

கணக்குப்பலகை:

அந்த 40 என் வகுப்பிலும் வரும் விடைதான்! 1 ச.மீ. என்றால் 100 ச.செ.மீ. என்றே எழுதுகிறார்கள். இதற்கு ஏதாவது வழி?

ஓரக்கோடு:

மில்லிமீட்டர் வரைபடத்தாளில் 1 செ.மீ. சதுரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, உள்ளே சிறு கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள்: வரிசைக்கு 10, பத்து வரிசை, ஆக 100. அதே சிந்தனையில் செய்தித்தாள்களை ஒட்டி 1 மீ. சதுரம் செய்து, ஒரு விளிம்பில் மட்டும் செ.மீ. குறிகள் போடுங்கள். வரிசைக்கு 100, நூறு வரிசை, 10,000. ஓட்டுக் கணக்குக்கும் இதே காகிதம் உதவும்: 50 செ.மீ. அட்டை அதில் எத்தனை முறை பதிகிறது? நான்கு. 20 ச.மீ.க்கு 80. மாற்றுச் சூத்திரம் கொடுக்காமல், பக்கங்களை முதலில் ஒரே அலகுக்கு மாற்றி, பிறகு பெருக்கச் சொன்னால் போதும்.